மௌண்ட் ரோடு: கட்டிடமும் பத்திரமும்

மௌண்ட் ரோடைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு தீர்ப்பும் கூடவே வந்துவிடுகிறது: தமிழனுக்குச் சரித்திர உணர்வு கிடையாது, இருந்திருந்தால் இத்தனை கட்டிடங்களை இடிக்க விட்டிருப்பானா என்று. சொல்கிறவர்கள் படித்தவர்கள், சொல்வதில் ஒரு திருப்தியும் இருக்கிறது, அந்தத் தமிழனில் தாங்கள் சேர்த்தி இல்லை என்கிற திருப்தி. எனக்கு இந்தத் தீர்ப்பு ஒப்பவில்லை. உணர்வு என்பது மனசைப் பற்றிய வார்த்தை. கட்டிடம் நிற்பதும் விழுவதும் மனசால் மட்டும் தீர்மானமாகிற காரியம் அல்ல. பத்திரம் யார் பெயரில் இருக்கிறது, உள்ளே யார் இருக்கிறார்கள், என்ன வாடகை தருகிறார்கள், அவர்களை வெளியேற்றச் சட்டம் எந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது என்பதையெல்லாம் கேட்காமல் சரித்திர உணர்வைப் பற்றிப் பேசுவது, நோயாளியின் நாடியைப் பார்க்காமல் அவன் குணத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்வது போல.

பாங்க் குமாஸ்தாவுக்கு நகரம் அடமானப் பத்திரங்களாகவே அறிமுகமாகிறது. தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, கடைசியில் செக்குபந்தி. கட்டிடத்தைப் பற்றி ஒரு வரி இருக்கும். மனையைப் பற்றி ஒரு பக்கம் இருக்கும். கிழக்கே இன்னார் வீட்டுக்கு மேற்கு, வடக்கே இன்னார் கிடங்குக்குத் தெற்கு என்று எல்லை சொல்லப்பட்ட ஆட்களும் வீடுகளும் என்றோ போயிருப்பார்கள். ஒவ்வொரு கைமாற்றத்திலும் பெயர்கள் மட்டும் பிரதி எடுக்கப்பட்டு வந்துகொண்டிருக்கும். இது கலை ரசனை உள்ள பார்வை அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் வியாபாரத் தெருவை ரசிகர்கள் கட்டவில்லை.

சென்னைக் கட்டிடங்களை யார் கட்டினார்கள், எந்தப் பாணியில், எந்த வருஷம் என்பதை எஸ். முத்தையா ஆங்கிலத்தில் எழுதினார். 1981இல் வந்த அவருடைய ‘மெட்ராஸ் டிஸ்கவர்ட்’ இல்லாவிட்டால் நம்மில் பலருக்கு ஸ்பென்ஸருக்கும் ஹிக்கின்பாதம்ஸுக்கும் வயது தெரிந்திருக்காது. அந்தக் கடனை ஒப்புக்கொண்டே சொல்கிறேன்: அவரை வைத்துக்கொண்டு நாம் பேசுகிற பேச்சு, கட்டியவனோடு நின்றுவிடுகிறது. கட்டிய பிறகு அந்தக் கட்டிடம் எத்தனை கை மாறியது, ஒவ்வொரு கையும் அதைக் கொண்டு என்ன செய்தது என்பதில்தான் தெருவின் கதை இருக்கிறது.

விக்டரி ஹவுஸை எடுத்துக்கொள்ளலாம். முதலில் அது வொய்ட்அவே லெயிட்லா என்ற வெள்ளைக்காரத் துணிக்கடை. கடன் தராத கடை. ரொக்கத்தை வை, சரக்கை எடு என்பதையே கம்பெனிப் பெயரோடு சேர்த்துக் கேலி செய்வார்களாம். பிறகு 1882இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் தொடங்கிய சுதேசமித்திரன் அந்தக் கட்டிடத்துக்கு வந்தது. சுதேசமித்திரன் 1985இல் நின்றது. விக்டரி ஹவுஸ் பன்னீர்தாஸ் கம்பெனி கைக்குப் போயிற்று: ரேடியோவையும் கடிகாரத்தையும் மாதத் தவணையில் தமிழ்க் குடும்பங்களுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துப் பெயர் வாங்கிய வி.ஜி.பி. ரொக்கத்துக்கு மட்டும் விற்ற இடம், தேசியத்தை அச்சடித்து, கடைசியில் தவணைக்கு வந்து சேர்ந்தது. மத்தியதர வர்க்கம் எப்படி உருவாயிற்று என்பதற்கு இதைவிடக் கச்சிதமான சாட்சியம் எனக்குக் கிடைக்கவில்லை. சுவர் பெரிய அளவில் மாறவில்லை. உள்ளே நுழைகிற ஆள் மாறினான்.

இன்னொரு கைமாற்றம் 1956இல் நடந்தது. அந்த வருஷம் ஆயுள் இன்ஷூரன்ஸ் தேசியமயமாகி, 245 கம்பெனிகளும் சொசைட்டிகளும் ஒரே கார்ப்பொரேஷனுக்குள் போயின. அவற்றின் கட்டிடங்களும் போயின. மௌண்ட் ரோடில் அப்படிப் போனவற்றில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, டபிள்யூ.இ. ஸ்மித் என்ற மருந்துக்கடைக்காரர் 1897இல் கட்டி முடித்த கார்டில் பில்டிங். கூம்பும் கோபுரமும் வளைவுமாக, ஒரு மருந்துக்கடைக்கு இத்தனை ஆடம்பரமா என்று இன்று பார்க்கிறவனையும் கேட்க வைக்கிற கட்டிடம். 1934இல் பாரத் இன்ஷூரன்ஸ் அதை வாங்கியது. மற்றொன்று, அப்போது பாதியில் நின்ற ஒரு எலும்புக்கூடு. யுனைட்டெட் இந்தியா லைஃப் அஷ்யூரன்ஸுக்காக எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் ஆரம்பித்தது. 1954இல் சிங்கப்பூர் விமான விபத்தில் அவர் இறந்துபோனார். கார்ப்பொரேஷன் அதை முடித்து 1959இல் திறந்தது. 177 அடி. சில வருஷங்களுக்கு இந்தியாவிலேயே அதுதான் உயரம். கதாநாயகன் பட்டணத்துக்கு வந்துவிட்டான் என்று காட்ட சினிமாக்காரர்களுக்கு அந்த ஒரு ஷாட் போதுமாக இருந்தது. 1975இல் தீப்பிடித்தும் நின்றது.

ஆசைப்பட்டவன் இல்லாமல் போன பிறகு, ஆசைப்படாத ஒரு சொந்தக்காரர் அந்தக் கட்டிடத்தைக் கட்டி முடித்தார். அதே சொந்தக்காரர் ஐம்பது வருஷம் கழித்து, 2006இல், கார்டில் பில்டிங்கை இடிக்க ஆரம்பித்தார். வழக்குப் போட்டுத் தடை வாங்கினார்கள். 2010இல் உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்றது. ஒரே கை ஒன்றை எழுப்பியிருக்கிறது, ஒன்றை இடிக்கப் போயிருக்கிறது. ரசனை மாறிவிட்டது என்று இதை விளக்க முடியாது. கார்ப்பொரேஷனுக்கு ரசனை என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லை, இருக்க வேண்டும் என்று யாரும் கேட்டதும் இல்லை. அதற்கு இருந்தவை சொத்துப் பட்டியல் ஒன்றும் அதில் தேய்மானத்துக்கான ஒரு பத்தியும்தான்.

தனியார் கட்டிடங்களின் விஷயம் வேறு. அங்கே 1960ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைப் படிக்க வேண்டும். இலக்கியப் பத்திரிகையில் சட்டப் பிரிவா என்று முகம் சுளிப்பவர்கள் பொறுத்தருள வேண்டும். மௌண்ட் ரோடிலும் அதன் கிளைத் தெருக்களிலும் பழைய வரிசைக் கடைகளின் மேல் இந்தச் சட்டத்தின் பாதிப்பு, எந்தக் கட்டிடக் கலைஞனின் பாதிப்பையும்விட அதிகம் என்று நினைக்கிறேன்.

யுத்த காலத்து இடநெருக்கடியில் பிறந்த கட்டுப்பாட்டின் வாரிசு அது. குடியிருப்பவனைத் திடீரென்று தெருவில் தள்ளாமல் காப்பது அதன் நோக்கம். நியாயமான நோக்கம், அது காப்பாற்றிய சிறு கடைக்காரர்கள் எத்தனையோ பேர். ஆனால் அதன் 14ஆம் பிரிவு ஒரு விசித்திரம். கட்டிடத்தை ரிப்பேர் செய்ய வேண்டும் என்று சொந்தக்காரன் காலி செய்யச் சொல்லலாம். அப்படிச் சொன்னால், ரிப்பேர் முடிந்ததும் அதே வாடகைதாரனை மறுபடி உள்ளே கூப்பிடுவேன் என்று எழுதித் தர வேண்டும். அல்லது இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறேன் என்று சொல்லலாம். அப்போது, காலி கையில் கிடைத்த ஒரு மாதத்துக்குள் இடிக்க ஆரம்பித்து மூன்று மாதத்துக்குள் முடிப்பேன் என்று எழுதித் தர வேண்டும். இதோடு இன்னொரு பிரிவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: புதிதாகக் கட்டி முடித்த கட்டிடத்துக்கு ஐந்து வருஷம் இந்தச் சட்டமே கிடையாது.

இப்போது சொந்தக்காரன் நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். கூரையை மாற்றி, மரத்தூணைப் புதுப்பித்து, காரையைச் சுரண்டிப் பூசினால் அதே ஆள், அதே வழக்கு. தரைமட்டமாக்கினால் விடுதலை. பழசைப் பேணுகிறவனுக்குத் தண்டனையும் இடிக்கிறவனுக்குப் பரிசும் என்று சட்டத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதினவர்கள் கட்டிடத்தைப் பற்றி நினைக்கவே இல்லை. மனிதர்களைப் பற்றித்தான் நினைத்தார்கள். அது குற்றமா என்ன? ஆனால் இடிக்க அனுமதி தருவதற்குக் கட்டிடத்தின் வயதையும் நிலையையும் நீதிமன்றங்கள் பார்த்தன. ஆகவே ஒழுகுகிற இடம் ஒழுகட்டும் என்று விட்டவனுக்கு வழக்கில் பலம் கூடிற்று. அரசமரக் கன்று சுவரில் வேர்விட்டால் அதுவும் ஒரு சாட்சி. நாம் அலட்சியம் என்று பெயர் வைத்தது பல இடங்களில் பொறுமையான வேலை.

நியாய வாடகைக் கணக்கிலும் இதே கதைதான். வியாபாரக் கட்டிடத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத வரவு என்று 1973இல் திருத்தினார்கள். எதன்மேல் 12 சதவீதம்? கட்டிடத்தின் விலையில் தேய்மானத்தைக் கழித்து, மண்ணின் விலையைக் கூட்டி வருகிற தொகைமேல். வயது ஏற ஏறக் கட்டிடத்தின் பங்கு சுருங்குகிறது, மண்ணின் பங்கு பெருத்துக்கொண்டே போகிறது. நூறு வருஷத்துக் கட்டிடம் கணக்கில் ஏறக்குறைய சூன்யம். வெறும் மண்மேல் தவறிப்போய் நின்றுகொண்டிருக்கும் ஏதோ ஒன்று.

எல்லாவற்றுக்கும் சட்டத்தையே காரணமாக்குகிறேன் என்று கொள்ள வேண்டாம். 1895இல் ஓக்ஷாட் திறந்த ஸ்பென்ஸர் 1983இல் எரிந்து போயிற்று. 1913இல் வந்த எலெக்ட்ரிக் தியேட்டர் இரண்டு மூன்று வருஷத்தில் தபால் இலாகா கைக்குப் போனதால்தான் தப்பியது. அரசினர் தோட்டத்தில் பழைய கவர்ன்மெண்ட் ஹவுஸை இடித்துக் கட்டிய புதுச் சட்டமன்றம் 2010இல் திறந்து 2014இல் ஆஸ்பத்திரியாயிற்று. அங்கே வாடகையும் இல்லை, வழக்காடி வெளியேற்ற ஆளும் இல்லை.

தமிழ் எழுத்து இந்தத் தெருவை எப்படிப் பார்த்தது என்று கேட்டால், முகப்பை அது பார்க்கவே இல்லை. புதுமைப்பித்தனின் கந்தசாமிப் பிள்ளை பிராட்வேயும் எஸ்பிளனேடும் சந்திக்கும் மூலையில் நிற்கிறார்; அங்கே உள்ள கட்டிடங்களின் பாணி பற்றி அவருக்கு அக்கறை இல்லை. ஜெமினி ஸ்டூடியோவில் வருஷக்கணக்காக வேலை பார்த்த அசோகமித்திரன் எழுதியது காத்திருக்கிறவர்களை. இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. வாசலில் நிற்பவனுக்கு வளைவின் அழகு தெரியாமல் போவதில்லை. உள்ளே போக அழைப்பு வரவில்லை என்பது அதைவிட நன்றாகத் தெரியும். ஜெமினி ஸ்டூடியோ போய்விட்டது. 1973இல் கட்டிய மேம்பாலத்துக்கு அண்ணா பெயர் வைத்தார்கள். ஜனங்கள் இன்னும் ஜெமினி என்றுதான் சொல்கிறார்கள். சரித்திர உணர்வு இல்லாதவர்கள்!

1960ஆம் வருஷத்துச் சட்டம் 2019 பிப்ரவரியில் போயிற்று. வாடகை இப்போது எழுதிப் பதிவு செய்கிற ஒப்பந்தப்படி. அதே மாதம் மௌண்ட் ரோடுக்கு அடியில் மெட்ரோ ரயில் ஓட ஆரம்பித்தது. ஒரு ஸ்டேஷனுக்கு எல்.ஐ.சி. என்றே பெயர். ரிப்பேர் செய்தால் நஷ்டம் என்ற கணக்கு இனி இல்லை. ஆனால் ரிப்பேர் செய்ய மிச்சமிருக்கிற கட்டிடங்களை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

ஸ்பென்ஸர் எரிந்த இடத்தில் 1991இல் ஸ்பென்ஸர் பிளாசா வந்தது. அதன் அழகைப் பற்றி யாரும் கட்டுரை எழுதப் போவதில்லை. 2010இல் பக்கத்திலேயே பழைய எக்ஸ்பிரஸ் தோட்டத்தில் எக்ஸ்பிரஸ் அவென்யூ திறந்ததும் கூட்டம் அங்கே போய்விட்டது. ஆனால் பிளாசாவில் பல கடைகள் தனித்தனி ஆட்களுக்கு விற்கப்பட்டவை. அப்படிப்பட்ட பத்திரத்தில் செக்குபந்திக்கு முன்போல் வேலை இல்லை. மண்ணில் பிரிபடாத பாகம் இத்தனை சதுர அடி என்று இருக்கும். 2024 வரை, கட்டிடத்தை இடிக்க வேண்டுமானால் அத்தனை பாகஸ்தர்களும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ஊரில் இருப்பவர், துபாயில் இருப்பவர், வாரிசுச் சான்றிதழுக்கு அலைகிறவர், அண்ணன் தம்பி வழக்கில் இருப்பவர் எல்லோரும். கார்டில் பில்டிங்குக்கு நீதிமன்றம் நாலு வருஷம் உட்கார்ந்து கொடுத்த பாதுகாப்பு, பிளாசாவுக்குச் சார்பதிவாளர் ஆபீசிலேயே கிடைத்திருந்தது.