சகாரா வரைக்கும் போன புதுச்சேரி நீலம்

(ஒலிபரப்பான எபிசோடை வாசிப்புக்கு ஏற்றபடி சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

புதுச்சேரியிலிருந்து பேசுறேன்.

இன்னைக்கு ஒரு துணியோட கதை. பார்க்க ரொம்ப சாதாரணமான துணி. பூ கிடையாது, கரை கிடையாது, ஜரிகை கிடையாது. வெறும் பருத்தி, முழுக்க அடர் நீலம். ஒரு பீஸ் சுமார் 15லிருந்து 17 மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். பிரெஞ்சுக்காரங்க இதை 'கினே' என்று கூப்பிட்டாங்க. மேற்கு ஆப்பிரிக்காவின் கினி கரைக்குப் போற சரக்கு என்பதால் அந்தப் பேர்.

புதுச்சேரியிலும் சுத்தியுள்ள கிராமங்களிலும் நெய்த துணி, இங்கே சாயத் தாழியில் முக்கி எடுக்கப்பட்டு, கப்பலேறி பிரான்ஸ் போய், அங்கிருந்து செனகல் போய், கடைசியில் சகாராவின் மேற்கு ஓரத்தில் கூடாரம் போட்டு ஆடு, ஒட்டகம் மேய்ச்சுக்கிட்டிருந்த மூர் நாடோடிகளோட உடம்பில் ஏறுச்சு. 19ஆம் நூற்றாண்டில் செனகல் ஆத்தங்கரைச் சந்தைகளில் இது துணி மட்டும் இல்லை, காசும் இதுதான். சரக்கோட விலையை 'இத்தனை பீஸ் கினே' என்று சொல்லித்தான் பேசுவாங்க.

சரி, இதில் என்ன ஆச்சரியம்? காலத்தைப் பாருங்க. ஐரோப்பாவில் நீராவி எந்திரம், நூற்பாலை, விசைத்தறி எல்லாம் வந்தாச்சு. இங்கிலாந்துத் துணி இந்தியாவுக்கே வந்து இங்கத்த தறிகளை ஓரங்கட்டிக்கிட்டிருக்கு. அந்த நேரத்திலும் கையால் சாயம் போட்ட ஒரு தமிழ்நாட்டுக் கரைத் துணியை, ஐரோப்பிய ஆலைகள் ரொம்ப நாள் வரைக்கும் அந்த ஒரு சந்தையில் மட்டும் ஜெயிக்க முடியலை. ஏன்? அதுதான் இன்னைக்குக் கேள்வி.

துணிக்காக வந்த ஊர்

நம்ம ஊருக்கு வர்ற டூரிஸ்ட்டுக்கு முதலில் தெரியறது மஞ்சள் சுவர், காகிதப்பூ, பீச் ரோடு. ஆனால் 1674இல் பிரான்சுவா மர்த்தேன் இங்கே வந்து தங்கினதுக்குக் கடல் காத்து காரணம் இல்லை. பிரெஞ்சுக் கம்பெனிக்கு வேண்டியது துணி. சோழமண்டலக் கரை முழுக்க நெசவாளர்களும் சாயக்காரர்களும் இருந்தாங்க. டச்சுக்காரர், டேனிஷ்காரர், இங்கிலீஷ்காரர் எல்லாரும் இதே கரையில் கடை போட்டதும் அதே காரணத்துக்குத்தான்.

கோட்டைக்கும் கவர்னர் மாளிகைக்கும் வடக்கே முத்தியால்பேட்டைப் பக்கம் நெசவாளர் குடியிருப்புகள். துப்பாஷி ஆனந்தரங்கப் பிள்ளையோட நாட்குறிப்பைப் படிச்சவங்களுக்குத் தெரியும், அதில் யுத்தமும் அரசியலும் எவ்வளவு இருக்கோ அந்த அளவுக்குத் துணி வியாபாரமும் இருக்கும். பிரெஞ்சு எல்லைக்கு வெளியே, பிரிட்டிஷ் பகுதி ஊர்களில் நெய்த வெள்ளைத் துணியும் இங்கே வந்து சாயம் ஏறி, 'புதுச்சேரி சரக்கு' ஆகி வெளியே போச்சு. ஆக, அந்தப் பேருக்கு மதிப்பு கொடுத்ததில் பெரும்பங்கு சாயத்துக்குத்தான்.

தாழிக்குள்ளே என்ன நடந்தது?

இன்ஜினியரிங் படிச்சவனுக்கு இந்தப் பகுதிதான் ரொம்பப் பிடிக்கும்.

நீலம் வர்றது அவுரிச் செடியிலிருந்து. தென்னார்க்காடு, கடப்பா பக்கமெல்லாம் இது நிறைய விளைஞ்சுது. அவுரி நீலத்தில் ஒரு சிக்கல் உண்டு: அது தண்ணீரில் கரையாது. கரையாத பொருள் நூலுக்குள்ளே எப்படிப் போகும்? அதனால முதலில் அதை ஒடுக்கி, கரையற வேற ஒரு வடிவத்துக்கு மாத்தணும். இன்னைக்கு இதுக்கு ரசாயனம் இருக்கு. அன்னைக்கு நம்ம சாயக்காரர்கள் நொதிக்க வெச்சாங்க. தாழியில் அவுரிக் கட்டியைக் கரைச்சு, சுண்ணாம்பு சேர்த்து, வேக வெச்ச தகரை விதையைப் போட்டு விட்டுடுவாங்க. நுண்ணுயிர்கள் வேலையை ஆரம்பிக்கும். தாழித் தண்ணீர் நீலத்திலிருந்து மஞ்சள் கலந்த பச்சைக்கு மாறும். ஒரு வாடையும் கிளம்பும்.

இப்போ துணியை உள்ளே விட்டு வெளியே எடுத்தால், அது பச்சையாத்தான் வரும். காத்து பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். காத்திலுள்ள ஆக்சிஜனோட வினை நடந்து, சாயம் மறுபடி கரையாத பொருளாகி நூலிலேயே மாட்டிக்குது. ஒரு முக்குக்கு வெளிர் நீலம். கினேவுக்கு வேண்டிய கருநீலம் வர, முக்கிக் காயவெச்சு, திரும்பத் திரும்ப முக்கணும். அதுக்கப்புறம் கஞ்சி போட்டு, மரக்கட்டையால் அடிச்சு மினுமினுப்பு ஏத்துறதும் இந்தக் கரையில் பழைய பழக்கம்.

இதில் எந்த இடத்திலும் தெர்மாமீட்டர் இல்லை, பிஎச் மீட்டர் இல்லை. தாழி 'பழுத்துடுச்சா' இல்லையா என்பதை நிறம், நுரை, வாடை பார்த்துத்தான் சொல்லணும். சுண்ணாம்பு கொஞ்சம் கூடினாலும் நுண்ணுயிர் செத்துடும், குறைஞ்சா தாழி புளிச்சுக் கெட்டுடும். தாழியை உயிரோட வெச்சிருக்கறதே ஒரு தொழில்.

இந்தத் தொழிலை பிரான்ஸ் திருடப் பார்க்காமல் இருக்குமா? 1730களில் போலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, பாரிஸில் இருந்த துஃபே என்ற வேதியியலாளர் கேட்டுக்கிட்டபடி, புதுச்சேரியில் சித்திரத் துணி செய்யற முறையைப் படிப்படியா எழுதினார். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு துண்டு, மொத்தம் 11 மாதிரித் துண்டுகளையும் இணைச்சார். சுத்தமான ரிவர்ஸ் இன்ஜினியரிங் டாக்குமெண்ட். 1742இல் கேர்தூ என்ற ஏசுசபைப் பாதிரியாரும் அதே துணித்தொழிலைப் பற்றி நீண்ட கடிதம் எழுதி பிரான்சுக்கு அனுப்பினார். ஆனால் காகிதத்தில் செய்முறைதான் போகும். வாடையை முகர்ந்து 'இப்போ முக்கலாம்' என்று சொல்ற மூக்கு போகாது.

யார் கையில் என்ன மாறுச்சு?

இந்தக் கதையைப் பெருமையா மட்டும் சொல்லிட்டுப் போக முடியாது. 18ஆம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்காவில் ஐரோப்பிய வணிகர்கள் அடிமைகளை வாங்கக் கொடுத்த சரக்குகளில் இந்தியத் துணி முக்கியமானது. நம்ம கரையில் நெய்த நீலத் துணிக்கு அந்தப் பக்கம் மனுஷங்க விற்கப்பட்டாங்க. நெசவாளருக்கும் சாயக்காரருக்கும் அது தெரிஞ்சிருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் நமக்குத் தெரியும்.

1818இல் பிரான்ஸ் அடிமை வணிகத்தைத் தடை செய்ய சட்டம் போட்டது. திருட்டுத்தனமா அது தொடர்ந்தாலும், செனகலில் இருந்த பிரெஞ்சு வணிகர்கள் வேற சரக்கைத் தேடினாங்க. கிடைச்சது பிசின். சகாராவின் தெற்கு ஓரத்தில் வளர்ற ஒரு வகை வேல மரத்தோட பிசின், கம் அராபிக். மூர்கள் அதைச் சேர்த்து செனகல் ஆத்தங்கரைச் சந்தைக்குக் கொண்டுவருவாங்க. சேர்க்கற வேலையைப் பெரும்பாலும் அவங்களோட அடிமைகள்தான் செஞ்சாங்க. பதிலுக்கு அவங்க கேட்டது கினே.

அந்தப் பிசின் எங்கே போச்சு தெரியுமா? ஐரோப்பியத் துணி ஆலைகளுக்கு. துணியில் பூ அச்சடிக்கும்போது சாயம் பரவாமல் இருக்க அதில் பிசின் கலக்கணும். இந்தியச் சித்திரத் துணியைப் பார்த்துக் காப்பியடிச்சு வளர்ந்த தொழில் அது. ஆக, தமிழ்நாட்டுக் கரைத் துணியைக் கொடுத்து பிசின் வாங்கி, அந்தப் பிசினை வெச்சு இந்தியத் துணிக்குப் போட்டியான துணி தயாரிச்சிருக்காங்க.

பாலைவனத்தில் ஒரு தர பரிசோதனை

இப்போ ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். பிரான்சின் ருவான் நகர ஆலைகள் கினே மாதிரியே நீலத் துணி செஞ்சு செனகலுக்கு அனுப்பிப் பார்த்தது. இங்கிலாந்து, பெல்ஜியம் துணியும் வந்துச்சு. விலையும் குறைவு. மூர்கள் வேண்டாம் என்றுட்டாங்க.

அவங்க துணியைக் கையில் வாங்கி விரலால் தேய்ச்சுப் பார்ப்பாங்க. வெளிச்சத்தில் மினுமினுப்பைப் பார்ப்பாங்க. முகர்ந்து பார்ப்பாங்க. புதுச்சேரித் துணிக்குன்னு ஒரு வாசனை இருந்தது, அது இல்லைன்னா திருப்பிக் கொடுத்துடுவாங்க. அந்த நீலம் உடம்பில் கொஞ்சம் ஒட்டும். அதை அவங்க குறையா பார்க்கலை, அதுதான் அவங்களுக்குப் பிடிச்சதே.

யோசிச்சுப் பாருங்க. இவங்க புதுச்சேரியைப் பார்த்ததே இல்லை. தாழி, தகரை விதை, சுண்ணாம்பு எதுவும் தெரியாது. ஆனாலும் அசல் எது, நகல் எது என்று மூக்கே சொல்லிடும். லேபிள் இல்லாத ஆதென்டிகேஷன்.

1830களின் கடைசியில் வணிகர்கள் பேராசையில் தேவைக்கு மேலே கினேவைக் கொண்டுபோய்க் கொட்டினாங்க. விலை விழுந்தது, மட்டமான துணியும் கலந்துச்சு, நிறைய வணிகர்கள் கடனில் மாட்டினாங்க. அதுக்கப்புறம் 1843இல் பிரெஞ்சு அரசு ஒரு ஆணை போட்டது: செனகல் போற கினேவுக்குக் குறைந்தபட்ச அளவும் எடையும் இருக்கணும், புதுச்சேரியிலேயே பரிசோதிச்சு முத்திரை குத்தணும். மூர்கள் விரலால் செஞ்சுக்கிட்டிருந்த வேலைக்கு அரசாங்கம் பிறகுதான் முத்திரை கண்டுபிடிச்சது.

தாழியிலிருந்து ஆலைக்கு

இதுக்கிடையில் புதுச்சேரியே மாறிக்கிட்டிருந்தது. 1820களின் கடைசியில் இங்கே எந்திர நூற்பாலை வந்தாச்சு. அதுதான் பிறகு சவானா மில், இன்னும் பிறகு சுதேசி மில். 1890களில் கெப்ளே மில் வந்துச்சு, அது பின்னாளில் பாரதி மில். நம்ம பெரியவங்க இன்னமும் 'ரோடியர் மில்' என்று சொல்ற ஏஎஃப்டி 1898இல் வந்துச்சு. கைநூலுக்குப் பதில் ஆலை நூல், கைத்தறிக்குப் பதில் விசைத்தறி. ஆலைகளும் நீலத் துணி செஞ்சு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பின.

1897இல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் கம்பெனி செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூலக்கூறு அதேதான். அவுரி வயலும் வேண்டாம், தாழியின் வாடையும் வேண்டாம். அவுரி சாகுபடி சில வருஷத்திலேயே சரிஞ்சது.

தாழி முன்னாடி நின்னவங்களோட பேரப்பிள்ளைகளில் பலர் ஆலை கேட்டுக்குள்ளே போனாங்க. வேலை நேரத்துக்கும் கூலிக்கும் போராட வேண்டியிருந்தது. 1936 ஜூலை 30ஆம் தேதி சவானா மில் போராட்டத்தில் போலீஸ் சுட்டதில் 12 தொழிலாளர்கள் இறந்தாங்க. அந்தப் போராட்டம்தான் இங்கே 8 மணி நேர வேலைக்கு வழி திறந்தது. இன்னைக்கு அந்த ஆலைகளும் இல்லை. 2011 கடைசியில் தானே புயலில் ஏஎஃப்டி பலமா அடிபட்டுச்சு. 2020இல் ஆலைகளை மூடிட்டாங்க.

முத்திரையா, மூக்கா?

இந்த எபிசோடில் நான் சொன்ன பேர்களைத் திரும்ப எண்ணிப் பாருங்க. மர்த்தேன், ஆனந்தரங்கப் பிள்ளை, போலியூ, துஃபே, கேர்தூ. ஒரு சாயக்காரர் பேர்கூட இல்லை. கவர்னருக்குச் சிலை இருக்கு. தாழியைப் பழுக்க வெச்சவருக்கு இருந்த ஒரே அங்கீகாரம், எங்கேயோ பாலைவனத்தில் ஒருத்தர் துணியை முகர்ந்து பார்த்து 'இதுதான்' என்று சொன்னது.

இன்னைக்கு நம்ம பக்கத்து வில்லியனூர் சுடுமண் வேலைக்கும், திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. நல்ல விஷயம். ஆனால் 1843 முத்திரை மாதிரி, அது பாதி வேலைதான் செய்யும். முத்திரை விற்கறவர் பக்கம் இருக்கு. வாங்கற நம்ம பக்கம் என்ன இருக்கு? அச்சில் வார்த்த பொம்மைக்கும் கையால் பிடிச்ச பொம்மைக்கும் வித்தியாசம் நமக்குத் தெரியலைன்னா, கடைக்காரர் மலிவானதைத்தான் அடுக்குவார். அவரைக் குத்தம் சொல்லி என்ன பிரயோஜனம்?

கைவினையைக் காப்பாத்தணும் என்று பேசும்போது மானியம், கண்காட்சி, ஆன்லைன் ஸ்டோர் என்றுதான் நாம போறோம். எல்லாம் வேணும்தான். ஆனால் நம்ம நீலத் துணியை அத்தனை வருஷம் ஆலைகள்கிட்டேயிருந்து காப்பாத்தினது யாரோட இரக்கமும் இல்லை. 'எனக்கு இது வேணும், இது மாதிரி இருக்கறது வேணாம்' என்று சொல்லத் தெரிஞ்ச வாடிக்கையாளர்கள். அவங்க நல்லது செய்யணும் என்று வாங்கலை, நல்ல சரக்கு வேணும் என்று வாங்கினாங்க.

அதனால் இந்த வார இறுதியில் வில்லியனூர் பக்கம் போனீங்கன்னா, வாங்கறதுக்கு முன்னாடி பொம்மையைத் திருப்பிப் பாருங்க. அடிப்பக்கம் விரல் தடம் இருக்கா பாருங்க. தட்டிப் பார்த்து சத்தம் கேளுங்க. செஞ்சவர் பக்கத்தில் இருந்தால் இது எத்தனை நாள் வேலை என்று கேளுங்க, அப்படியே அவர் பேரையும் கேட்டுக்கோங்க.