கோடும் புள்ளியும்: மியாமியில் கப்பலேற இரண்டு ஞாயிறுகள்

மியாமியில் சொகுசுக் கப்பல் ஏறத் திட்டமிடுவோர் நாட்காட்டியில் இரண்டு ஞாயிறுகளைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது. ஒன்று, ஜனவரி இறுதியிலோ பிப்ரவரித் தொடக்கத்திலோ வரும் மியாமி மாரத்தான். மற்றொன்று, அமெரிக்கக் கால்பந்தின் இறுதியாட்டமான சூப்பர் பவுல் அந்த நகருக்கு வாய்க்கும் ஞாயிறு. முன்னது இன்றுள்ள வடிவில் 2003இல் தொடங்கி ஆண்டுதோறும் நடப்பது; பின்னது ஊர் ஊராகச் சுற்றுவது, மியாமிக்கு 2020 வரை 11 முறை வந்திருப்பது. அந்த 2020இல் இரண்டும் அடுத்தடுத்த ஞாயிறுகளில் விழுந்தன: பிப்ரவரி 2 அன்று சூப்பர் பவுல், 9 அன்று மாரத்தான். ஒரே துறைமுகம், ஒரே பருவம், ஒரே கிழமை. ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவனுக்கு இதைவிட வசதியான களம் கிடைக்காது.

யாரைக் கேட்டாலும் சூப்பர் பவுல் நாளைத்தான் தவிர்க்கச் சொல்வார்கள். 2020 ஆட்டத்தை ஏறத்தாழ 10 கோடிப் பேர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். மாரத்தானையோ ஓடுகிறவர்களின் வீட்டாரைத் தவிர வேறெவரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ஆனால் கப்பலேறுகிறவருக்கு எது பெரிய விழா என்பது முக்கியமல்ல. அது தரையில் எந்த வடிவில் படிகிறது என்பதே முக்கியம். மாரத்தான் ஒரு கோடு. சூப்பர் பவுல் ஒரு புள்ளி. கோடு சாலையை வெட்டும். புள்ளி சுற்றியுள்ளதை உறிஞ்சும். நம்மூர்க் கணக்கில் சொன்னால், தேரோடும் நாளில் வீதி கிடைக்காது, முகூர்த்த நாளில் அறை கிடைக்காது. இரண்டும் நெரிசல்தான், ஆனால் ஒரே நெரிசல் அல்ல.

முதலில் கோட்டைப் பார்ப்போம். மியாமியின் பயணிகள் துறைமுகம் டாட்ஜ் தீவில் இருக்கிறது. அங்கே செல்ல இரண்டே வாசல்கள். ஒன்று, பிஸ்கேன் பெருஞ்சாலையில் கூடைப்பந்து அரங்கின் ஓரத்திலிருந்து கிளம்பும் பாலம். மற்றொன்று, மெக்கார்தர் கடல்பாதையில் வாட்சன் தீவிலிருந்து கப்பல் கால்வாயின் அடியில் புகும் சுரங்கச் சாலை, 2014இல் திறக்கப்பட்டது. மாரத்தானின் தொடக்கக் கோடு எங்கே? அதே கூடைப்பந்து அரங்கின் முன்னால். முதல் சில மைல்கள் எங்கே? அதே மெக்கார்தர் கடல்பாதையின் மேல். துறைமுகத்தின் இரண்டு வாசல்களையும் தொட்டுச் செல்லும்படி ஒரு பாதை போடு என்று யாரேனும் பந்தயம் கட்டிச் சொல்லியிருந்தாலும் இவ்வளவு துல்லியமாகப் போட்டிருக்க முடியாது. துறைமுகத்தை முற்றாகத் துண்டிக்க யாரும் துணிவதில்லை. காவலர்கள் ஏதேனும் ஒரு வழியைத் திறந்துதான் வைப்பார்கள். இரண்டு வாசல் வண்டிகளும் அந்த ஒரு வழியில் சேரும்போதுதான் வேடிக்கை தொடங்குகிறது.

புள்ளியோ தொலைவில் இருக்கிறது. ஹார்ட் ராக் அரங்கம் துறைமுகத்துக்கு ஏறத்தாழ 25 கி.மீ. வடக்கே, மியாமி கார்டன்ஸ் என்ற தனி நகரில். சான் பிரான்சிஸ்கோவைக் கான்சஸ் சிட்டி 31–20 என வென்ற அந்த மாலையில் அரங்கில் இருந்தவர்கள் 62,417 பேர். அவர்களில் ஒருவரும் துறைமுகச் சாலைக்கு வர வேண்டியதில்லை. ஊர் முழுதும் வடக்கு நோக்கிப் போகும் நாளில் கிழக்கே கடலை நோக்கிப் போகிறவருக்குச் சாலை தாராளமாகவே கிடைக்கும். (ஃபோர்ட் லாடர்டேலில் உள்ள எவர்கிளேட்ஸ் துறைமுகத்தில் கப்பலேறுகிறவருக்கு இந்தச் சலுகை இல்லை. மியாமி விமான நிலையத்தில் இறங்கி அங்கே போகிறவருக்கு அரங்கம் ஏறக்குறைய வழியிலேயே வந்துவிடும்.)

இனிக் கடிகாரம். மாரத்தான் காலை 6 மணிக்கு, விடியும் முன்பே புறப்படுகிறது. ஆட்டம் மாலை 6.30க்குத் தொடங்குகிறது. கப்பலின் நாள் இவை இரண்டுக்கும் நடுவில் அடங்குகிறது: விடியலில் துறை சேரும், 7, 8 மணி முதல் பழைய பயணிகள் இறங்குவார்கள், 11 மணிவாக்கில் புதியவர்கள் ஏறத் தொடங்குவார்கள், மாலை 4, 5க்குள் கயிறு அவிழ்க்கும். ஆகவே மாரத்தான் கப்பல் நாளின் தலையைக் கடிக்கிறது. சூப்பர் பவுலோ வாலைக்கூடக் கடிப்பதில்லை. பந்து உதைக்கப்படும்போது கப்பல் திறந்த கடலில் இருக்கும்.

மாரத்தான் நாளில் நண்பகலுக்கு வருகிறவருக்கு மெக்கார்தர் பாதை திரும்பக் கிடைத்துவிடும். அதற்குள் ஓட்டக்காரர்கள் மியாமி பீச்சைச் சுற்றி, வெனிசியன் பாதை வழியே நகருக்குள் திரும்பியிருப்பார்கள். முழுத் தூரம் ஓடுகிறவர்கள் பிரிக்கெல், கோகனட் குரோவ் பக்கம் இருப்பார்கள். முடிவுக் கோடு பேஃபிரன்ட் பூங்காவில் இருப்பதால் பாலத்துப் பக்கம் அப்போதும் கூட்டம்தான்; சுரங்கமே சரியான வழி. அடைப்பு நகர்ந்துகொண்டே இருக்கிறது என்பதுதான் கோட்டின் நற்குணம். எப்போது எங்கே இருக்கும் என்று தெரிந்துவிட்டால் அதன் முதுகுக்குப் பின்னால் போய்விடலாம்.

புள்ளிக்கு அந்த நற்குணம் இல்லை. அது ஒரு வாரம் நகராமல் உட்கார்ந்திருக்கும். வெளியூரிலிருந்து விமானத்தில் வருகிறவர் முதல் நாளே வந்து ஓர் இரவு தங்குவது கப்பல் பயணத்தின் எழுதப்படாத விதி. தாமதமாகும் விமானத்துக்காகக் கப்பல் காத்திராது. ஆனால் சூப்பர் பவுல் வாரத்தில் பல விடுதிகள் ஓர் இரவை விற்பதே இல்லை. மூன்று இரவாவது எடுத்துக்கொள் என்கின்றன. ஓரிரவு வேண்டுகிறவர் மூன்றிரவு விற்கிறவரின் முன்னால் நிற்பதே அந்த ஞாயிற்றின் உண்மையான மோதல். சாலையில் ஒரு தடுப்புக்கட்டைகூட வைக்காமல் பயணியின் பையில் கைவைக்கிறது அது. மாரத்தான் இதற்கு நேர் எதிர். அறை விலையைச் சற்றே ஏற்றினாலும் அதன் உண்மையான வரி பணமல்ல, நிமிடங்கள்.

இவ்வளவும் வேற்றுமை. எனக்கு வியப்பளித்தது ஒற்றுமைதான். இரண்டு ஞாயிறுகளிலும் அதிகம் அடிபடுகிறவர் கப்பலேறுகிறவர் அல்ல, கப்பலிலிருந்து இறங்குகிறவர். மாரத்தான் நாளின் விடியலில் சாலைகள் இறுகிக் கிடக்கும்போது பெட்டியோடு முனைய வாசலில் நிற்பவர் யார்? முந்தைய வாரம் புறப்பட்டு, இன்று 10 மணி விமானத்துக்குச் சீட்டு வாங்கி வைத்திருப்பவர். சூப்பர் பவுலுக்கு மறுநாள், திங்கட்கிழமைக் காலை, மியாமி விமான நிலையத்தில் நீண்ட வரிசையின் கடைசியில் நிற்பவர் யார்? வெள்ளியன்று மூன்று இரவுப் பயணம் புறப்பட்டு, ஆட்டம் முடிந்து ஊர் திரும்பும் ரசிகர் கூட்டத்தோடு சேர்ந்து கரையிறங்கியவர். புறப்படும் நாளைப் பத்து முறை சரிபார்ப்பவர்கள் திரும்பும் நாளில் என்ன விழா என்று ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. ஏழு இரவுப் பயணத்தில் புறப்பாடும் திரும்புதலும் ஒரே கிழமையில்தான் விழும். ஒரு ஞாயிற்றைத் தவிர்க்க ஒரு வாரம் முன்னால் புறப்பட்டால், திரும்பும்போது அதே ஞாயிற்றின் வாயில் போய் விழுவோம்.

மாரத்தானுக்கும் கப்பலுக்கும் உள்ள உறவு இன்னும் நெருக்கமானது. ஓட்டக்காரருக்கு மார்பு எண்ணும் வரிசைப் பிரிவும். பயணிக்கு ஏறும் அட்டையும் நேரப் பிரிவும். இரண்டிலும் ஆயிரக்கணக்கானோரை ஒரு குறுகிய வாயிலுக்குள் தவணை தவணையாக அனுப்பும் அதே கணக்கு. இரண்டிலும் ஒரு கடைசி நேரம் உண்டு, அது மனிதரின் இரக்கத்தில் இல்லை. ஓட்டத்தில் வேகம் குறைந்தவரை ஓரத்துக்கு அனுப்பிவிட்டுச் சாலையைத் திறந்துவிடுவார்கள். கப்பலிலோ, புறப்படுவதற்கு 60 நிமிடம் முன்பே பயணிகளின் இறுதிப் பட்டியல் அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறைக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்குமேல் வருகிறவர் பட்டியலில் இல்லாதவர். ‘சாலையில் மாரத்தான் ஐயா’ என்பது அங்கே செல்லுபடியாகும் காரணம் அல்ல.

பாதியில் சேரவும் இரண்டிலும் வழியில்லை. பத்தாவது மைலில் கூட்டத்துக்குள் நுழைந்தவர் ஓடியவராக மாட்டார். மியாமியில் தவறவிட்டவர் காரில் விரைந்து அடுத்த துறையான கீ வெஸ்டில் ஏறிக்கொள்ளலாம் என்று நினைத்தால், 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று குறுக்கே நிற்கும். அயல்நாட்டுக் கொடி பறக்கும் கப்பல், தொலைவான அயல்நாட்டுத் துறை ஒன்றைத் தொடாமல், ஓர் அமெரிக்கத் துறையில் ஏற்றியவரை வேறோர் அமெரிக்கத் துறையில் இறக்கக் கூடாது என்கிறது அது. மியாமியில் நிற்கும் பெரிய கப்பல்களில் பஹாமாஸ், பனாமா கொடிகளே மிகுதி. தொடக்கக் கோட்டைத் தாண்டியே ஆக வேண்டும் என்பதில் சட்டமும் விளையாட்டும் ஒத்துப்போகின்றன.

சூப்பர் பவுலுக்கும் கப்பலுக்கும் உள்ள உறவு வேறு வகையானது, அளவால் வருவது. 2023 ஏப்ரல் 9, ஒரு ஞாயிறு, மியாமி துறைமுகம் ஒரே நாளில் 67,000க்கும் மேற்பட்ட பயணிகளைக் கையாண்டது. அதாவது 2020 சூப்பர் பவுலுக்குத் திரண்டவர்களைவிட அதிகம். ஒன்றுக்காக நகரமே ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் முன்கூட்டித் தயாரானது. 2016 மே மாதமே இடம் முடிவாகிவிட்டது. மற்றொன்றை அடுத்த தெருவில் இருந்தவர்கள்கூட அறிந்திருக்க மாட்டார்கள். வாணவேடிக்கை இல்லாமல், வாராவாரம், ஒரு சூப்பர் பவுல் கூட்டத்துக்கு நிகரானதைத் துறைமுகம் ஏற்றி இறக்குகிறது என்பதைச் சூப்பர் பவுலோடு ஒப்பிடும்போதுதான் நாம் கவனிக்கிறோம்.

இந்த இரண்டும் எப்போதும் பகையும் அல்ல. 2005இல் சூப்பர் பவுல் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லுக்கு வந்தபோது அங்கே போதிய விடுதி அறைகள் இல்லை. ஐந்து சொகுசுக் கப்பல்களை வாடகைக்கு எடுத்து ஆற்றில் நிறுத்தி, விருந்தினரைத் தங்க வைத்தார்கள். மியாமியில் ஆட்டத்தால் அறை கிடைக்காமல் கப்பல் பயணி அலைகிறார். ஜாக்சன்வில்லில் அறை கிடைக்காத ஆட்டத்தைக் கப்பல் காப்பாற்றியது. 2022இல் உலகக் கோப்பைக் கால்பந்துக்காக தோஹாவிலும் கப்பல்கள் இப்படியே விடுதிகளாயின. மாரத்தானுக்கு இத்தகைய கைம்மாறு கிடையாது. ஆனால் மெக்கார்தர் பாதையில் இருட்டில் ஓடுகிறவர்களுக்கு வலப்பக்கம் விளக்கெரிய வரிசையாக நிற்கும் கப்பல்கள் அந்த ஓட்டத்தின் பெயர்பெற்ற காட்சி. மேல்தளத்தில் காப்பியோடு நிற்கிற பயணிக்கு எதிர்ப்பக்கக் காட்சி அவர்கள். ஒருவர் விழாவை மற்றவர் இலவசமாகப் பார்ப்பது இந்த ஞாயிற்றில் மட்டும்தான்.

ஆட்டத்தையும் விடமாட்டேன், கப்பலையும் விடமாட்டேன் என்கிறவருக்கு ஞாயிற்றுப் புறப்பாடு ஒன்றும் மோசமல்ல. நீச்சல் குளத்தளத்தின் பெருந்திரையில் சூப்பர் பவுலைக் காட்டுவது அமெரிக்கத் துறைகளிலிருந்து புறப்படும் கப்பல்களில் வழக்கம். செயற்கைக்கோளும் ஒளிபரப்பு உரிமமும் ஒத்துழைக்க வேண்டும், அவ்வளவே. மாரத்தானை ஓடி முடித்து அன்றே கப்பலேறுவதும் சாத்தியம்தான். அரை மாரத்தான் என்றால் துணிந்து செய்யலாம். முழு ஓட்டம் முடித்து, குளித்து, பெட்டி எடுத்துக்கொண்டு 3 மணிக்குள் முனையத்தில் நிற்பேன் என்கிறவரின் கால்களை நான் மதிக்கிறேன். திட்டத்தை மதிக்க மாட்டேன்.

என் தீர்ப்பு ஊருக்கு ஊர் மாறும். ஆர்லாண்டோ, டாம்பா போன்ற இடங்களிலிருந்து அன்று காலையே காரில் வருகிறவர் சூப்பர் பவுல் ஞாயிற்றைத் தயங்காமல் எடுக்கலாம். விடுதி வேண்டாதவரை அந்த விழா தீண்டாது. விமானத்தில் வருகிறவருக்கு மாரத்தான் ஞாயிறே மேல்: அறை கிடைக்கும், ஏறும் நேரத்தை 12க்குப் பிறகு வாங்கிக்கொண்டால் சாலையும் கிடைக்கும். சூப்பர் பவுல் வாரத்தில்தான் வர முடியும் என்றால் வெஸ்ட் பாம் பீச் வரை வடக்கே போய்த் தங்கி, பிரைட்லைன் ரயிலில் மியாமி நகர நடுவுக்கு வந்துவிடலாம்.

இரண்டுமே வேண்டாம் என்றால் சனிக்கிழமைப் புறப்பாடு இருக்கிறது. 7,600 பேர் வரை ஏற்றும் ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ தன் முதல் பயணத்தை 2024 ஜனவரி 27, சனிக்கிழமை தொடங்கியது. அந்த ஆண்டு மாரத்தான் மறுநாள். எந்த நாளை எடுத்தாலும் சீட்டுப் பதியுமுன் இன்னொரு தேதியையும் பாருங்கள்: நீங்கள் திரும்பி வந்து இறங்கும் நாளை. அன்று ஊரில் விழா இருந்தால், மதியம் 1 மணிக்கு முந்தைய விமானத்தை வாங்காதீர்கள்.