எள்ளலும் எதிர்மொழியும்

நகை பிறக்கும் களன்கள் நான்கனுள் எள்ளலை முதலில் வைத்தார் தொல்காப்பியர். எள்ளுவோர் யார், எள்ளப்படுவோர் யார் என்பதே நாம் எழுப்ப வேண்டிய வினா.

திண்டுக்கல்லைச் சூழ்ந்த சமவெளிச் சிற்றூர்களில் திருவிழா இரவுகளில் நாடகம் நடைபெறும். சிறுவராயிருந்த யாமும் கூட்டத்தின் ஓரத்தில் அமர்ந்து பார்த்ததுண்டு. ஓரிரவு பபூன் வேடமிட்டவர் நம் மக்களின் பேச்சைப் பழித்துக் காட்டினார். கூட்டம் சிரித்தது, யாமும் சிரித்தோம். தந்தையார் ஒன்றும் கூறாது எம் கையைப் பற்றி வீட்டிற்கு அழைத்துச் சென்றார். மறுமொழி கூற அவருக்கு மேடை ஏது?

அண்ணல் அம்பேத்கரும் கேலிக்குத் தப்பினாரில்லை. 1949 ஆகஸ்டில் சங்கர் வரைந்த சித்திரத்தில், அரசியல் சட்டம் என்னும் நத்தைமீது அண்ணல் அமர்ந்திருக்க, பின்னே நேரு சாட்டை ஓங்கி நிற்கிறார். பணி தாமதமாகிறது என்பதே அதன் பொருள். அக்காலத்தே பலரும் கூறிய இக்குறைக்கு, அவ்வாண்டு நவம்பர் 25-இல் அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் விடையளித்தார். 395 விதிகள் கொண்ட சட்டத்தை, 2,473 திருத்தங்களை ஆராய்ந்து, மூன்றாண்டுக்குள் முடித்ததையும், ஆஸ்திரேலியாவுக்கு ஒன்பது ஆண்டுகள் ஆனதையும் எடுத்துக்காட்டினார். கேலிக்குக் கணக்கே விடையாயிற்று.

அச்சித்திரம் 2006-இல் மத்திய அரசின் பதினோராம் வகுப்புப் பாடநூலில் இடம்பெற்றது. 2012 மே மாதம் தொல். திருமாவளவன் உள்ளிட்டோர் நாடாளுமன்றத்தில் எதிர்ப்புத் தெரிவித்தனர். அரசு சித்திரத்தை நீக்க இசைந்தது. பாடநூல் ஆலோசகர்களான யோகேந்திர யாதவும் சுகாஸ் பல்சிகரும் பதவி விலகினர். பல்சிகரின் புனே பல்கலைக்கழக அறையைச் சிலர் சூறையாடினர். அவையில் எழுந்த குரல் நம் உரிமை. அறையை உடைத்த கரம் அண்ணலின் வழியன்று. எனினும், சாட்டையைக் கண்டு வகுப்பு நகைக்கையில் நம் பிள்ளை தலைகுனிவதை ஆசிரியரான யாம் அறிவோம்.

அரசியல் சட்டத்தின் 19-ஆம் விதி பேச்சுரிமை வழங்குகிறது. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், இழிவுபடுத்தும் நோக்குடன் பொதுவிடத்தில் நம்மை அவமதிப்பதைக் குற்றமாக்குகிறது. விமரிசனம் வேறு, இழிவு வேறு என்பதே இவற்றின் சாரம்.

சட்டத்திற்கு முன்பே வழிகாட்டியவர் இரட்டைமலை சீனிவாசன். வசைச்சொல்லாய் வழங்கிய பெயரையே தலைப்பாக்கி, 1893-இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். எள்ளியோரின் சொல் நம் கைக்கு வந்தது.

இளைஞர்களே! இன்று ஸ்டாண்ட் அப் காமெடி என்று ஒருவரே நின்று நகைச்சுவை பேசும் மேடைகள் பெருகியுள்ளன. இழிமொழி கேட்பின் சட்டத்தை நாடுங்கள். கேலி கேட்பின் அறிவால் விடை தாருங்கள். அம்மேடைகளில் நீங்களும் ஏறுங்கள். எம் தந்தையாருக்குக் கிட்டாத எதிர்மொழி உங்கள் நாவில் ஒலிக்கட்டும்!