கல்விப் பொதுத் தராதரப் பத்திர உயர்தரப் பரீட்சையும் வன்னி மாவட்டங்களின் பல்கலைக்கழக அனுமதியும்

கல்விப் பொதுத் தராதரப் பத்திர உயர்தரப் பரீட்சை என்பது, இலங்கையில் பதின்மூன்றாம் தரக் கல்வியின் நிறைவில், பரீட்சைத் திணைக்களத்தால் நாடு முழுவதும் ஒரே நேர அட்டவணைப்படி, சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் நடத்தப்படும் பொதுப் பரீட்சையாகும். சுருக்கமாகக் க.பொ.த. உயர்தரம் என்றும், பேச்சு வழக்கில் ஏ.எல். என்றும் வழங்கப்படும் இப்பரீட்சை, பாடசாலைக் கல்வியை முடித்தமைக்கான சான்றாகவும், அரச பல்கலைக்கழகங்களுக்கு மாணவரைத் தெரிவு செய்யும் அளவுகோலாகவும் இரண்டு பணிகளை ஒருங்கே ஆற்றுகிறது. வினாத்தாளைத் தயாரிப்பதும், விடைத்தாளைத் திருத்துவதும், பெறுபேற்றை வெளியிடுவதும் பரீட்சைத் திணைக்களத்தின் பொறுப்பாக இருக்க, அப்பெறுபேற்றைக் கொண்டு அனுமதி வழங்கும் அதிகாரம், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் அமைந்த பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் உள்ளது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய வன்னிப் பெருநில மாவட்டங்களைப் பொறுத்தவரை, புள்ளி எவ்வாறு கணிக்கப்படுகிறது, இடம் எவ்வாறு பகிரப்படுகிறது என்னும் இரண்டையும் சேர்த்து விளங்கிக்கொண்டால்தான் இப்பரீட்சையின் முழு விளைவும் புலப்படும்.

பிற நாட்டுப் பரீட்சைகளுடன் ஒப்பீடு

உயர்கல்விக்கு ஒருவர் ஆயத்தமாக உள்ளாரா என்பதை அளக்கும் பொதுப் பரீட்சைகள் இரு வகைப்படும். அமெரிக்காவில் 1926 முதல் நடைபெறும் எஸ்.ஏ.டி. பரீட்சை, குறித்த ஒரு பாடத்திட்டத்தின் முழு விரிவைச் சோதிக்காமல் மொழித்திறனையும் கணிதத்திறனையும் அளப்பதாக அமைந்தது. அங்கே பல்கலைக்கழகங்கள் அதனைப் பள்ளிப் பெறுபேறு முதலிய பிற சான்றுகளுடன் சேர்த்தே கருதுகின்றன. இலங்கையின் உயர்தரப் பரீட்சையோ, இரண்டாண்டுக் காலம் வகுப்பில் கற்ற பாடத்திட்டத்தையே சோதிக்கும் அடைவுப் பரீட்சையாகும். தமிழ்நாட்டில் மருத்துவக் கல்விக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு மேலாக நீட் என்னும் தனி நுழைவுத் தேர்வும் எழுத வேண்டியிருக்க, இலங்கையின் அரச மருத்துவ பீடங்களுக்கு உயர்தரப் பெறுபேறே போதுமானது. பாடத்திட்டத்தைச் சோதிக்கும் பரீட்சையில் அப்பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியரும் ஆய்வுகூடமும் கிடைத்தனவா என்பது பெறுபேற்றை நேரடியாகத் தாக்கும் என்பதனால், இந்த வேறுபாடு வன்னிக்கு முக்கியமானது.

பரீட்சையின் அமைப்பு

பரீட்சார்த்தி ஒருவர் தாம் தெரிந்த பிரிவுக்குரிய மூன்று பிரதான பாடங்களுக்குத் தோற்றுகிறார். நீண்ட காலமாக நான்காக இருந்த பாடங்களின் எண்ணிக்கை 2000ஆம் ஆண்டளவில் மூன்றாகக் குறைக்கப்பட்டது. பௌதிக விஞ்ஞானம், உயிரியல் விஞ்ஞானம், வர்த்தகம், கலை என்னும் பழைய பிரிவுகளுடன், 2015இல் முதற் பரீட்சையைக் கண்ட தொழில்நுட்பப் பிரிவும் இன்று உள்ளது. பிரதான பாடங்களுக்குப் புறம்பாகப் பொது ஆங்கிலமும், பொது அறிவையும் பகுத்தறியும் ஆற்றலையும் சோதிக்கும் பொதுச் சாதாரணப் பரீட்சையும் நடைபெறுகின்றன. பல்கலைக்கழக அனுமதிக்கு விண்ணப்பிப்பதற்கு, மூன்று பிரதான பாடங்களிலும் குறைந்தது எஸ் எனப்படும் சாதாரண சித்தியும், பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளிகளும் தேவை. ஒருவர் மூன்று தடவைகள் தோற்றலாம்.

பௌதிகவியலை எடுத்துக்காட்டாகக் கொண்டால், முதலாம் வினாத்தாள் ஐந்து விடைகளுள் ஒன்றைத் தெரியும் 50 பல்தேர்வு வினாக்களை உடையது. இரண்டு மணித்தியாலத்துள் விடையளிக்க வேண்டிய இதில் பிழையான விடைக்குப் புள்ளி கழிக்கப்படுவதில்லை. மூன்று மணித்தியால இரண்டாம் வினாத்தாளின் முதற்பகுதியில் அமைப்புக் கட்டுரை வினாக்கள் நான்குக்கும், அடுத்த பகுதியில் கட்டுரை வினாக்கள் ஆறனுள் நான்குக்கும் விடையளிக்க வேண்டும். அமைப்புக் கட்டுரை வினாக்கள் பெரும்பாலும் செய்முறைப் பரிசோதனைகளைத் தழுவியவை. மைக்கிரோமீற்றர் திருகுகணிச்சியையோ பரிவுக் குழாயையோ கையாண்டு பார்த்த மாணவருக்கு எளிதாக அமையும் வினா, அவற்றைப் புத்தகப் படத்தில் மட்டும் கண்ட மாணவருக்கு மனனப் பயிற்சியாகிவிடுகிறது.

இசெட் புள்ளி

பல்கலைக்கழகத் தெரிவுக்கு ஏ, பி, சி, எஸ் என்னும் தரங்களோ மொத்தப் புள்ளியோ அல்லாமல், இசெட் புள்ளி எனப்படும் நியமப் புள்ளியே பயன்படுத்தப்படுகிறது. பேராதனைப் பல்கலைக்கழகப் புள்ளிவிபரவியற் பேராசிரியர் ஆர்.ஓ. தட்டில் முன்வைத்த இம்முறை 2001 முதல் நடைமுறையில் உள்ளது. ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்துக்குத் தோற்றிய அனைவரின் இடைப்புள்ளியைக் கழித்து, வரும் விடையை, புள்ளிகள் இடையிலிருந்து எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதைக் காட்டும் நியம விலகலால் வகுத்தால் அப்பாடத்துக்கான இசெட் புள்ளி கிடைக்கும். மூன்று பாடங்களுக்கும் இவ்வாறு கிடைப்பவற்றின் சராசரியே, நான்கு தசம தானங்களில், மாணவரின் இறுதிப் புள்ளியாகும்.

கற்பனையான எண்களைக் கொண்டு இதனை விளக்கலாம். பௌதிகவியலின் இடை 40, நியம விலகல் 15 எனின், அதில் 70 பெற்றவரின் இசெட் புள்ளி 2 ஆகும். இரசாயனவியலின் இடை 50, நியம விலகல் 20 எனின், அதே 70 புள்ளிக்கு 1 மட்டுமே கிடைக்கும். இணைந்த கணிதத்தின் இடை 30, நியம விலகல் 20 எனின், அங்கு பெற்ற 60 புள்ளி 1.5 ஆகும். இம்மூன்றின் சராசரி 1.5000. கடினமான வினாத்தாளில் பெற்ற 60, எளிதான வினாத்தாளில் பெற்ற 70ஐ விட உயர்ந்த நிலையைக் காட்டக்கூடும் என்பதே இம்முறையின் அடிப்படை. ஆகவே இசெட் புள்ளி ஒருவர் எவ்வளவு கற்றார் என்பதைச் சொல்வதில்லை. உடன் தோற்றியவர்களிடையே அவர் நிற்கும் இடத்தையே சொல்கிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் தோற்றும் கூட்டம் ஆற்றலில் ஏறத்தாழ ஒத்தது என்னும் எடுகோளின் மீதே இது நிற்கிறது. பழைய, புதிய பாடத்திட்டங்களின்படி இரு கூட்டத்தினர் தோற்றிய 2011ஆம் ஆண்டுப் பரீட்சையில் இரண்டையும் ஒன்றாக்கிக் கணித்தமை பெரும் சர்ச்சையாகி, இரு கூட்டத்துக்கும் தனித்தனியே கணிக்க வேண்டும் என 2012இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும்

அனுமதி முறையின் வரலாறு இலங்கைத் தமிழரின் அரசியல் வரலாற்றோடு பிணைந்தது. 1970களின் தொடக்கத்தில் தமிழ்மொழிமூல மாணவர் கூடுதலான புள்ளி பெற வேண்டிய நிலை உண்டாக்கப்பட்டது. பேராதனைப் பொறியியற் பீடத்துக்குச் சிங்களமொழிமூல மாணவருக்கு 227 புள்ளி போதுமானதாக இருக்க, தமிழ்மொழிமூல மாணவருக்கு 250 வேண்டப்பட்டது. 1973இல், ஒவ்வொரு மொழிமூலத்தின் புள்ளிகளையும் தனித்தனியே நியமப்படுத்தும் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. இவற்றால் யாழ்ப்பாண மாணவர் பெரிதும் பாதிக்கப்பட, வவுனியா, மன்னார், மட்டக்களப்பு முதலிய பின்தங்கிய மாவட்டங்களின் தமிழ் மாணவருக்கு மாவட்ட ஒதுக்கீடு சில வாயில்களைத் திறந்தது. மொழிவாரித் தரப்படுத்தல் 1977ஆம் ஆண்டு ஆட்சி மாற்றத்தின் பின் கைவிடப்பட்டது. மாவட்ட ஒதுக்கீடு வேறு விகிதங்களில் நிலைத்தது.

மாவட்ட எல்லை மாறியமையும் இங்கே கருதத்தக்கது. முல்லைத்தீவு 1978இலும் கிளிநொச்சி 1984இலுமே தனி மாவட்டங்களாயின. எனவே 1974இல் கிளிநொச்சி மாணவர் யாழ்ப்பாண மாவட்டத்தின் பகுதியாகவே கணிக்கப்பட்டு, குடாநாட்டின் பழம்பெரும் கல்லூரிகளின் மாணவரோடு ஒரே பட்டியலில் போட்டியிட வேண்டியிருந்தது.

இன்றைய முறைப்படி, மாவட்ட ஒதுக்கீட்டுக்கு உட்பட்ட கற்கைநெறி ஒவ்வொன்றிலும் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசைப்படியும், 55 சதவீத இடங்கள் மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும், எஞ்சிய 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவையாகக் கொள்ளப்படும் 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. வன்னியின் மூன்று மாவட்டங்களும் இப்பதினாறினுள் அடங்கும். ஒதுக்கீட்டின் அலகு மாவட்டமேயன்றி இனமோ மொழியோ அன்று. வவுனியா மாவட்டத்தின் தமிழ், முஸ்லிம், சிங்கள மாணவர் யாவரும் ஒரே ஒதுக்கீட்டினுள்ளேயே போட்டியிடுகின்றனர். கடைசியாக இடம் பெற்றவரின் இசெட் புள்ளியே அக்கற்கைநெறிக்கான அம்மாவட்ட வெட்டுப்புள்ளி எனப்படுகிறது.

சனத்தொகை விகிதம் வன்னிக்குத் தரும் இடம் மிகச் சிறிது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, ஏறத்தாழ 2 கோடியே 3 இலட்சத்து 60 ஆயிரம் பேர் கொண்ட நாட்டில் வவுனியாவில் 1 இலட்சத்து 72 ஆயிரம் பேரும், கிளிநொச்சியில் 1 இலட்சத்து 13 ஆயிரம் பேரும், முல்லைத்தீவில் 92 ஆயிரம் பேரும் வாழ்ந்தனர். இவ்வெண்களின்படி, 1000 இடங்கள் உள்ள ஒரு கற்கைநெறியில் மாவட்டப் பங்கான 550 இடங்களுள் கிளிநொச்சிக்கு மூன்றும், முல்லைத்தீவுக்கு இரண்டு அல்லது மூன்றும், வவுனியாவுக்கு நான்கு அல்லது ஐந்துமே சேரும். இவ்வளவு சிறிய எண்ணிக்கையில், முந்திய ஆண்டு தவறவிட்ட ஓரிருவர் மீண்டும் தோற்றி உயர்ந்த புள்ளி பெற்றாலே வெட்டுப்புள்ளி மாறிவிடும். கடந்த ஆண்டு வெட்டுப்புள்ளியை இலக்காகக் கொண்டு படிப்பது இம்மாவட்டங்களில் உறுதியான வழி ஆகாது. ஒருவர் எந்த மாவட்டத்தின் கீழ் கணிக்கப்படுவார் என்பதை, பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் அவர் கற்ற பாடசாலைகளையும் நிரந்தர வதிவிடத்தையும் ஆதாரமாகக் கொண்டு ஆணைக்குழுவின் விதிகள் தீர்மானிக்கின்றன. எனவே உயர்தரத்துக்காக யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ மாறக் கருதும் குடும்பங்கள் இவ்விதிகளை முன்னரே படித்தறிதல் வேண்டும்.

வன்னியின் நிலைமைகள்

இலங்கைப் பாடசாலைகளுள் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவை 1ஏபி வகை எனவும், கலை, வர்த்தகப் பிரிவுகளை மட்டும் கொண்டவை 1சி வகை எனவும் வகுக்கப்படுகின்றன. வவுனியா தமிழ் மத்திய மகா வித்தியாலயம், இறம்பைக்குளம் மகளிர் மகா வித்தியாலயம், கிளிநொச்சி மத்திய மகா வித்தியாலயம், முள்ளியவளை வித்தியானந்தா கல்லூரி முதலியவை இப்பகுதியின் முன்னணிப் பாடசாலைகளாகும். நகரங்களுக்கு அப்பால் குளங்களையும் காடுகளையும் இடையிட்டுப் பரந்து கிடக்கும் கிராமங்களில், சாதாரண தரப் பரீட்சையில் சிறந்த பெறுபேறு பெற்ற மாணவரும், அருகிலுள்ள பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு இன்மையால் கலைப் பிரிவைத் தெரிய நேர்வதுண்டு. இத்தகைய மாணவரைப் பொறுத்தவரை, மருத்துவ, பொறியியற் பீடங்களுக்கான வெட்டுப்புள்ளி ஒதுக்கீட்டினால் தம் மாவட்டத்தில் தாழ்ந்திருந்தாலும் பயன் தராது. ஒதுக்கீடு, விஞ்ஞானம் கற்க வாய்ப்புப் பெற்றவருக்கே உதவுகிறது.

உள்நாட்டுப் போரின் தாக்கம் இதனினும் ஆழமானது. இடப்பெயர்வுகளால் பாடசாலைகள் மீண்டும் மீண்டும் இடம் மாறி இயங்கின. 2009 ஆகஸ்ட் உயர்தரப் பரீட்சைக்கு, செட்டிகுளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாம்களில் அடைபட்டிருந்த மாணவரும் தோற்றினர். அண்மைக் காலத்தில் பருவகாலமும் ஒரு காரணியாகியுள்ளது. முன்னர் ஆகஸ்ட் மாதத்தில் நடைபெற்ற பரீட்சை, மாரிமழைக் காலமாகிய நவம்பர், டிசம்பருக்கு நகர்ந்தமையால், 2024 நவம்பர் இறுதியில் வெள்ளத்தின் காரணமாகவும், 2025 நவம்பரில் டித்வா புயலின் காரணமாகவும் இடைநிறுத்தப்பட்டது.

உயர்கல்வி வாய்ப்புகள்

1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாக வளர்ந்த நிறுவனம், 2021 ஆகஸ்ட் 1 முதல் வவுனியாப் பல்கலைக்கழகமாகப் பம்பைமடுவில் இயங்குகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் அமைந்துள்ளன. பல்கலைக்கழக இடம் கிட்டாதோருக்குப் பூந்தோட்டத்திலுள்ள வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரி, வவுனியா உயர் தொழில்நுட்ப நிறுவனம், அறிவியல் நகரிலுள்ள இலங்கை - ஜெர்மன் பயிற்சி நிறுவகம் ஆகியவை மதிப்புள்ள மாற்று வழிகளாகும்.

மதிப்பீடு

உயர்தரப் பரீட்சை பாடங்களுக்கிடையிலான கடினத்தைச் சமன்செய்யும் கணிதத்தை உடையது. பாடசாலைகளுக்கிடையிலான வேறுபாட்டைச் சமன்செய்யும் ஆற்றல் அதற்கு இல்லை. அவ்வேறுபாட்டை ஏற்றுக்கொண்டு ஓரளவு ஈடுசெய்வது மாவட்ட ஒதுக்கீடாகும். அதனைச் சலுகை எனத் தாழ்த்துவது பொருந்தாது. ஆயினும் ஒதுக்கீடு ஆசிரியருக்கும் ஆய்வுகூடத்துக்கும் மாற்றாக முடியாது. வன்னியின் ஒவ்வொரு கல்விக் கோட்டத்திலும் முழுமையான விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலை ஒன்றேனும் நிலைபெறுவதும், பிரிவைத் தெரிவதற்கு முன்னரே, பதினோராம் தரத்தில், இசெட் புள்ளியும் வெட்டுப்புள்ளியும் மாவட்ட விதிகளும் மாணவருக்கும் பெற்றோருக்கும் தமிழில் தெளிவாக விளக்கப்படுவதும் வலயக் கல்வி அலுவலகங்களும் பழைய மாணவர் சங்கங்களும் முன்னின்று ஆற்ற வேண்டிய பணிகளாகும்.