சிதைக்காத நச்சு: காலராப் புரதத்தின் அமைப்பும் செயலும்

நச்சு என்றாலே செல்லைக் கொல்வது என்று பொருள்கொள்கிறோம். காலரா நச்சுப் புரதத்துக்கு அது பொருந்தாது. குடல் செல்லை அது சிதைப்பதில்லை. செல்லின் அன்றாட வழிமுறைகளையே தன் வேலைக்கு வாங்கிக்கொள்கிறது. அதன் அமைப்பே இதற்குச் சான்று என்பது இக்கட்டுரையின் வாதம்.

காலராவுக்குக் காரணம் கிருமி சுரக்கும் நச்சே என்று ராபர்ட் கோக் 1884இலேயே கருதினார். அது பிடிபட மேலும் 75 ஆண்டுகள் ஆயின. 1959இல் கல்கத்தாவின் சம்புநாத் டே, முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இருபுறமும் நூலால் கட்டி, கிருமி நீக்கிய வளர்ப்பு வடிநீரை அதற்குள் செலுத்தினார். கட்டிய குடல் நீர் கோத்து உப்பியது. கிருமி இல்லாமலேயே நோயின் முதன்மைக் குறி தோன்றிவிட்டது.

அந்த வடிநீரில் இருந்த நச்சுப் புரதத்தில் ஆறு துணையலகுகள்: ஒரு ஏ, ஐந்து பி. 103 அமினோ அமிலங்கள் கொண்ட பி அலகுகள் ஐந்தும் உளுந்து வடை போல நடுவில் துளையுள்ள வளையமாகக் கூடியுள்ளன. ஏ அலகு ஏ1, ஏ2 என இரண்டாக வெட்டுண்டபின்னும் ஒரு டைசல்ஃபைடு பிணைப்பு அவற்றைக் கோத்து வைக்கிறது. ஏ2 வளையத்தின் துளைக்குள் இறங்கியிருக்க, நொதியாகிய ஏ1 மேலே அமர்ந்திருக்கிறது.

பி வளையம் செல் சவ்விலுள்ள ஜிஎம்1 கொழுப்பைப் பற்றுகிறது. செல் நச்சை விழுங்கி, புரதங்கள் உருவாகி மடியும் எண்டோபிளாச வலை வரை கொண்டுசெல்கிறது. ஏ2இன் நுனியில் லைசின், அஸ்பார்ட்டேட், குளுட்டமேட், லியூசின் என்ற வரிசை உள்ளது. அந்த வலையில் தங்க வேண்டிய தன் சொந்தப் புரதங்களுக்குச் செல் இடும் முத்திரையும் இதுவே. அங்கே பிணைப்பு அறுந்து, ஏ1 பிரிகிறது. பழுதான புரதங்களை வெளியேற்றும் வழியாகவே செல்சாற்றுக்குள் நுழைகிறது. அவ்வாறு வெளியேறும் புரதங்களுக்குப் பெரும்பாலும் லைசினில்தான் அழிவுக் குறி ஒட்டப்படும். ஏ1இல் லைசின் மிகக் குறைவு, அதனால் தப்புகிறது.

அந்த முத்திரையை மாற்றினாலும் நச்சு முற்றிலும் முடங்குவதில்லையே, தாமதம்தானே ஆகிறது என்று கேட்கலாம். அது வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது: நச்சைச் சுமந்து செல்வது ஜிஎம்1 பயணிக்கும் செல்லின் சொந்தப் பாதை; முத்திரை அதற்குத் துணை.

உள்ளே வந்த ஏ1, செல்லுக்குள் சமிக்ஞை கடத்தும் ஜிஎஸ் புரதத்தில் ஏடிபி-ரைபோசை ஒட்டி, அதை அணைய முடியாத விளக்காக்குகிறது. வளைய ஏஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறு பெருகுகிறது, குளோரைடு வெளியேறுகிறது, பின்னாலேயே நீரும் கொட்டுகிறது. ஆனால் குளுக்கோசுடன் சோடியத்தை உள்ளிழுக்கும் கடத்திப் புரதம் பழுதின்றி இருக்கிறது.

1971இல் மேற்கு வங்காளத்தின் பொங்காவ் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மகாலானபிஸ் நம்பியது அதைத்தான். உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. நச்சு அந்தச் செல்களைக் கொன்றிருந்தால், அந்தக் கரைசலை உறிஞ்ச குடலில் எதுவும் மிஞ்சியிருக்காது.