டாக்டருக்கு உரிமம் இருக்கு, ஆனா உங்கள் காப்புறுதியின் பேனலில் இருக்கிறாரா?

முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறிச்சாச்சு. டாக்டரையும் பிடிச்சிருக்கு. அப்போ மருந்தகத்தில் சொல்றாங்க: "உங்க காப்புறுதியோட பேனல்ல இவர் இல்லையே!"

அப்படின்னா அவர் நல்ல டாக்டர் இல்லையா? அப்படி இல்லை. உரிமம் வேறு, பேனல் வேறு.

உரிமம் யார் தருவது?

• மருத்துவருக்கு: சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தில் பதிவும், தொழில் செய்வதற்கான சான்றிதழும் வேண்டும். சான்றிதழைப் புதுப்பிக்க, தொடர்கல்விப் புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும்.

• நிபுணருக்கு: கூடுதலாக, நிபுணர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும்.

• மருந்தகத்துக்கு: சுகாதாரப் பராமரிப்புச் சேவைகள் சட்டத்தின்கீழ் சுகாதார அமைச்சின் உரிமம். மெடிசேவ், சாஸ் திட்டங்களில் சேர தனி அங்கீகாரம்.

பேனல்னா என்ன?

மெடிஷீல்டு லைஃபுக்கு மேல் வாங்கும் ஒருங்கிணைந்த பாதுகாப்புத் திட்டங்களை 7 தனியார் நிறுவனங்கள் வழங்குகின்றன. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு மருத்துவர் பட்டியல் வைத்திருக்கிறது. யாரைச் சேர்ப்பது என்பது நிறுவனத்தின் முடிவு. அனுபவம் மட்டுமல்ல, கட்டணமும் கணக்கில் வரும்.

மருந்தகங்களுக்கு என்ன பாதிப்பு?

சிங்கப்பூர்வாசிகளில் 10இல் சுமார் 7 பேரிடம் இத்தகைய திட்டம் உண்டு. பேனலில் இடம் கிடைக்காத நிபுணரைத் தேடி வரும் நோயாளிகள் குறையலாம். புதிதாக மருந்தகம் திறந்தவருக்கு இது பெரிய சுமை. வாடகையும் ஊழியர் சம்பளமும் முதல் நாளிலிருந்தே ஓடும். பேனல் பதில் வரும்வரை காத்திருக்க முடியாது.

2021இல் சிங்கப்பூர் மருத்துவச் சங்கம் பேனல் முறையை வெளிப்படையாகக் குறைகூறியது. அதே ஆண்டு மருத்துவர்கள், காப்புறுதி நிறுவனங்கள், பயனீட்டாளர்கள் ஆகிய தரப்புகளைச் சேர்த்து ஒரு குழு அமைக்கப்பட்டது.

உங்கள் பணப்பைக்கு?

துணைக் காப்புறுதி இருந்தாலும், புதிய திட்டங்களில் கட்டணத்தில் குறைந்தது 5 விழுக்காட்டை நீங்கள்தான் கட்ட வேண்டும். பேனல் மருத்துவரிடம் போனாலோ முன் அனுமதி பெற்றாலோ அந்தத் தொகைக்கு ஆண்டு உச்சவரம்பு உண்டு. இரண்டும் இல்லையென்றால், பெரிய பில்லில் அந்த 5 விழுக்காடே ஆயிரக்கணக்கான வெள்ளியாகிவிடும்.

தேதி குறிக்குமுன் கேளுங்கள்:

1. டாக்டர் என் காப்புறுதியின் பேனலில் இருக்கிறாரா?
2. இல்லையென்றால், முன் அனுமதி கிடைக்குமா?
3. என் கையிலிருந்து எவ்வளவு போகும்?

முதல் இரண்டு கேள்விகளைக் காப்புறுதி நிறுவனத்திடமே கேட்பது நல்லது. பேனல் பட்டியல் மாறக்கூடியது. போன வருஷம் இருந்தவர் இந்த வருஷம் இல்லாமல் போகலாம்.