எல்லை என்ற பெயருள்ள சமையலறை: ரிக் பேலெஸ் குறித்துச் சில குறிப்புகள்

மிளகாய் நம்முடையது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மெக்ஸிகோவிலும் தென்னமெரிக்காவிலும் பல்லாயிரம் ஆண்டுகள் பயிரிடப்பட்டு, பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாக இந்தக் கடற்கரைகளுக்கு வந்த காய் அது. மிளகுக்கு இருந்த பெயரை நீட்டி மிளகாய் ஆக்கினோம், குழம்பில் போட்டோம், வந்த வழி மறந்துபோச்சு. பயிர் கடல் தாண்டும்போது அதைப் பயிரிட்டவர்களின் பெயர் அந்தக் கரையிலேயே நின்றுவிடுகிறது. இந்த மறதி எப்படி உற்பத்தி செய்யப்படுகிறது என்ற கேள்வியோடுதான் ரிக் பேலெஸ் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிச் சமையற்காரரின் வாழ்க்கையை நான் வாசிக்கிறேன். சமையல் நிகழ்ச்சியில் என்னய்யா அரசியல் என்று கேட்கும் தோழர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பேலெஸ் 1953இல் ஓக்லஹோமா நகரில் பிறந்த வெள்ளையர். குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு பார்பெக்யூ உணவகம் இருந்தது. ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் ஸ்பானிஷும் லத்தீன் அமெரிக்கப் பண்பாடும் படித்தார். பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் சார்ந்த மொழியியலில் ஆய்வு மாணவராக இருந்து, பட்டத்தை முடிக்காமல் அடுப்பின் பக்கம் திரும்பினார். 1978-79இல் பொதுத் தொலைக்காட்சியில் மெக்ஸிகன் சமையல் பற்றி 26 பகுதிகள் கொண்ட தொடர். அதன் பின் மனைவியோடு மெக்ஸிகோவில் சில ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றி, சந்தையிலும் சமையலறையிலும் குறிப்பெடுத்து, 1987இல் ஒரு பெரிய சமையல் புத்தகம் வெளியிட்டார்கள். அதே ஆண்டில் சிக்காகோவில் ஃப்ரோந்தேரா கிரில் என்ற உணவகமும் திறந்தார்கள். ஸ்பானிஷில் ஃப்ரோந்தேரா என்றால் எல்லை. 2000இலிருந்து அவருடைய 'மெக்ஸிகோ: ஒன் ப்ளேட் அட் எ டைம்' தொடர் ஓடத் தொடங்கியது. மெக்ஸிகோவின் சந்தையில் ஒரு காட்சி, சிக்காகோ வீட்டுச் சமையலறையில் அடுத்த காட்சி. படத்தொகுப்பில் எல்லை ஒரு வெட்டில் கடக்கப்பட்டுவிடுகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவர் மேம்போக்கான ஆள் இல்லை. மொழி தெரியும்; உழைத்துக் கற்றவர்; தன் ஊழியர்களை மெக்ஸிகோவுக்கே அழைத்துப்போய்ச் சாப்பிடவைத்தவர். ஏமாற்றுக்காரர் ஒருவரைப் பற்றி எழுதுவது சுலபம். நேர்மையான ஒருவர் விஷயத்திலும் அந்த மறதி வேலை செய்கிறது என்றால், நாம் ஆளை விட்டுவிட்டு அமைப்பைப் பார்த்தாக வேண்டும்.

மக்காச்சோளத்திலிருந்து தொடங்கலாம். மெக்ஸிகோவின் பெண்கள் பல நூற்றாண்டுகளாகச் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறப்போட்டு, மெத்தாத்தே என்னும் அம்மியில் அரைத்து வந்தார்கள். அந்தச் சுண்ணாம்புதான் சோளத்தில் அடைபட்டிருக்கும் நியாசின் சத்தை உடம்புக்குக் கிடைக்கச் செய்கிறது. ஐரோப்பியர் சோளத்தை எடுத்துக்கொண்டார்கள், செய்முறையை எடுத்துக்கொள்ளவில்லை. விளைவு, சோளத்தையே நம்பிப் பிழைத்த வட இத்தாலிய ஏழைகளிடமும் பின்னால் அமெரிக்கத் தென்மாநில ஏழைகளிடமும் பெலாக்ரா நோய் பரவிப் பல்லாயிரம் பேர் செத்தார்கள். அம்மிக்கல் அறிவு அறிவாகவே எண்ணப்படவில்லை. மெக்ஸிகோவின் மேட்டுக்குடிக்கும் அப்படித்தான். ஃப்ரான்சிஸ்கோ புல்னெஸ் என்ற அரசியல்வாதி 1899இல் மனிதகுலத்தைக் கோதுமை, அரிசி, சோளம் தின்பவர்கள் என்று மூன்றாகப் பிரித்து, கோதுமைக்காரர்களே முன்னேறியவர்கள் என்று எழுதினார். 1910 புரட்சிக்குப் பிறகுதான் தமாலேயும் மோலேயும் 'தேசிய உணவு' ஆயின. நேற்று இழிவு, இன்று பெருமிதம். இரண்டையும் அறிவித்தவர்கள் அரைத்தவர்கள் அல்ல.

எல்லைக்கு வடக்கேயும் இதே கதை. 1848 ஒப்பந்தத்தில் மெக்ஸிகோவின் பாதிக்கு மேற்பட்ட நிலம் அமெரிக்கா வசம் போயிருந்தது. டெக்சாஸின் சான் அன்டோனியோ சதுக்கங்களில் மெக்ஸிகப் பெண்கள் இரவில் அடுப்பு மூட்டி மிளகாய் இறைச்சிக் குழம்பு விற்றார்கள். சுகாதார விதிகளைச் சொல்லி 1930களிலும் 40களிலும் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். ஆனால் அந்தக் குழம்பின் சுவையைப் பொடியாக்கி விற்கும் தொழிலை 1890களிலேயே ஜெர்மானியக் குடியேறி வில்லியம் கெப்ஹார்ட் தொடங்கியிருந்தார். கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் மித்லா கஃபே என்ற மெக்ஸிகக் குடும்ப உணவகத்துக்கு எதிரே கடை வைத்திருந்த க்ளென் பெல், அங்கே டாக்கோ செய்யும் விதத்தைக் கற்று 1962இல் டாக்கோ பெல் தொடங்கினார். பெயர் யாருடையது பாருங்கள்!

பேலெஸின் புத்தகம் இந்த டப்பா உணவுக்கு எதிராகத்தான் நின்றது. அதன் தலைப்பே 'அசல் மெக்ஸிகன்' என்று தொடங்கியது. 'அசல்' என்ற சொல் இங்கே என்ன வேலை செய்கிறது? அசல் என்று ஒன்றைச் சுட்டினால் போலி என்று இன்னொன்று உடனே பிறக்கிறது. பெருநிறுவனத்தின் டாக்கோ மட்டும் போலியாகவில்லை. தலைமுறை தலைமுறையாக டெக்சாஸிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் கிடைத்ததைக் கொண்டு சமைத்துப் பிழைத்த புலம்பெயர்ந்தோரின் சாப்பாடும் போலிக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. மெக்ஸிக அமெரிக்க எழுத்தாளர் கஸ்தாவோ அரெயானோ, 2012இல் டாக்கோவின் அமெரிக்க வரலாற்றை எழுதியபோது, இந்தக் கலப்பு உணவும் மெக்ஸிக உணவுதான் என்று வாதாடினார். பேலெஸைத் தொடர்ந்து விமர்சித்தவர்களில் அவர் முக்கியமானவர். 2016இல் ஒரு வானொலிப் பேட்டியில் பேலெஸ் பதில் சொன்னார்: வெள்ளையன் என்பதால் இதைச் செய்யக்கூடாது என்பது இனவாதம்.

இங்கேதான் விவாதம் சிக்கிக்கொண்டு நிற்கிறது. பிறந்தவர்கள்தான் சமைக்கலாம் என்பது ஒரு தரப்பு. உணவுக்கு எல்லை ஏது என்பது மறுதரப்பு. இரண்டுமே எனக்கு உவப்பில்லை. முதலாவது ரத்தத்தில் ருசியைத் தேடுகிறது. இரண்டாவதோ உணவு கடக்கிற எல்லையில் ஆட்கள் சுடப்படுவதையும் பாலைவனத்தில் சாவதையும் பார்க்க மறுக்கிறது. கேட்கவேண்டிய கேள்வி வேறு: அறிவு எந்த இடத்தில் சொத்தாக மாறுகிறது? அமெரிக்கச் சட்டப்படி சமையல் பொருள்களின் பட்டியலுக்குப் பதிப்புரிமை கிடையாது. அதை விளக்கி எழுதும் உரைநடைக்கு உண்டு, தொலைக்காட்சிப் பதிவுக்கு உண்டு. அதாவது அரைப்பது பொது, எழுதுவது தனிச்சொத்து. ஃபூக்கோ சொன்ன 'ஆசிரியர்' என்ற செயற்பாடு சமையல்கட்டில் இப்படித்தான் நடக்கிறது.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் பிறந்து 1957இல் மெக்ஸிகோ போன டயானா கென்னடி, தன் புத்தகங்களில் குறிப்பு தந்த பெண்களின் பெயரையும் ஊரையும் எழுதினார். ஆனாலும் அட்டையில் இருந்த பெயர் அவருடையதே. மெக்ஸிகோவின் சொந்தத் தொலைக்காட்சியில் 1960களின் இறுதியிலிருந்து சமையல் கற்பித்த செபினா பெரால்தாவை நாம் கேள்விப்பட்டதுகூட இல்லை. ஏன்னா, அவர் ஆங்கிலத்தில் பேசவில்லை.

2010ஆம் ஆண்டை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஏப்ரல் 23 அன்று, ஆவணமில்லாதவர் என்று சந்தேகப்பட்டால் போலீஸ் விசாரிக்க வழிசெய்யும் சட்டத்தில் அரிசோனா ஆளுநர் கையெழுத்திட்டார். மே 19 அன்று மெக்ஸிக அதிபர் கால்தெரோனுக்கு வெள்ளை மாளிகையில் அரசு விருந்து. சிறப்புச் சமையற்காரர் பேலெஸ். வஹாக்காவின் கறுப்பு மோலே பரிமாறப்பட்டது. வறுத்து, கருக்கி, அரைத்து, இருபதுக்கும் மேற்பட்ட பொருள்கள் சேரும் குழம்பு. அந்த வஹாக்காவின் சோள விவசாயிகள் 1994இன் வட அமெரிக்கச் சுதந்திர வணிக ஒப்பந்தத்துக்குப் பிறகு, மானியம் பெற்ற அமெரிக்கச் சோளத்தோடு போட்டிபோட முடியாமல் கூட்டம் கூட்டமாக வடக்கே போனவர்கள். விருந்தாளியான கால்தெரோனும் சுத்தமானவர் இல்லை. அவர் பதவியேற்ற சில வாரங்களிலேயே, 2007 ஜனவரியில், தோர்த்தியா விலையேற்றத்துக்கு எதிராக மெக்ஸிகோ நகரத் தெருக்கள் நிரம்பின. 2010 நவம்பரில் யுனெஸ்கோ மெக்ஸிகப் பாரம்பரியச் சமையலை மானுட மரபுச் செல்வமாக அறிவித்தது. ஆக, மோலே மாளிகைக்குள் போனது, மரபு பட்டியலில் ஏறியது, அரைத்த கைக்கு அரிசோனாவில் போலீஸ். 2012இல் மெக்ஸிக அரசு வெளிநாட்டவருக்குத் தரும் தன் உயர் விருதான அஸ்தெக் கழுகை பேலெஸுக்குத் தந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. 2017 பிப்ரவரி 16 அன்று, 'குடியேறிகள் இல்லாத ஒரு நாள்' என்று அமெரிக்கா முழுக்க வேலைநிறுத்தம். பேலெஸ் தன் ஊழியர்களின் விருப்பத்தைக் கேட்டார். ஃப்ரோந்தேரா உட்பட சிக்காகோவில் அவருடைய பல உணவகங்கள் அன்று மூடப்பட்டன. இதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். பல முதலாளிகள் அன்று வேலைக்கு வராதவர்களை நீக்கினார்கள். ஆனால் அன்றைய முடிவைப் பெருந்தன்மை என்று மட்டும் வாசிப்பது போதாது. புத்தகம் இருந்தது, விருதுகள் இருந்தன, தொலைக்காட்சி முகம் இருந்தது. ஆட்கள் வராததால் அடுப்பு எரியவில்லை. மற்ற நாட்களில் தட்டுக்குப் பின்னால் மறைந்திருந்தவர்கள், வராமல் இருந்துதான் தெரியவந்தார்கள்.

களத்துக்குப் போய்ப் பாட்டும் கதையும் வழக்காறும் சேகரித்து எழுதுகிற நம்மைப் போன்றவர்களுக்கும் இது பொருந்தும். கற்றுக்கொண்டது தவறில்லை. சொல்லித்தந்தவரின் பெயர், கூலி, அவர் எல்லை கடக்கும் உரிமை ஆகிய மூன்றும் நம் பிரதியில் எங்கே இருக்கின்றன என்பதை அச்சுக்கு அனுப்பும்முன் ஒருமுறை தேடிப் பார்த்துவிடுவது நல்லது.